சீனத்தில் திக்காத பிள்ளை

மகளைச் சீன மொழிப் பள்ளியில் சேர்த்தது தூரநோக்கோடு எடுத்த முடிவு என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. அந்தப் பள்ளி என் வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, பிள்ளைகளை மாலை ஆறு மணிவரை வைத்திருந்தார்கள். என் கணவருக்குத் தூரத்து ஊரான விட்பியில் ஒரு களஞ்சியத்தில் வேலை. அவர் விடியமுன் போய், பொழுதுபட்டுத்தான் வருவார். பிள்ளையை ஆறு மணிவரை பார்த்துக்கொள்வார்கள் என்றால் நான் செவ்வாய்க் கிரகத்து மொழிப் பள்ளியிலும் சேர்த்திருப்பேன்.

கணவர் மட்டும் உண்மையாகவே நம்பினார். "நாளைக்கு உலகத்தை ஆளப்போறது அவங்கள்தான். இப்பவே பாஷையைப் படிச்சு வைச்சால் பிள்ளைக்கு நல்லது" என்று கலியாணவீடுகளில் விளக்கம் கொடுப்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, கார் வரை போனதும் சிரித்திருப்பார்கள்.

ஸ்காபரோவின் வடக்கு விளிம்பில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது பள்ளி. ஒரு பக்கம் பல் டொக்டர், மறுபக்கம் வருமானவரி செய்து கொடுப்பவர். காலை முழுவதும் எல்லாப் பாடமும் சீனத்தில், பின்னேரம் வேறு ஆசிரியையிடம் ஆங்கிலத்தில். சுற்றிவர இவ்வளவு சீனக் குடும்பங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் குவிவார்கள் என்று நினைத்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள். சீனக் குடும்பங்கள் வரவில்லை. வீட்டிலேயே கிடைக்கும் பாஷைக்கு வெளியே எதற்குப் பள்ளி என்று அவர்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சுக்கு அனுப்பினார்கள். வந்து சேர்ந்தவர்கள் நாங்கள்தான். வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள், பிறகு இரண்டு குஜராத்திப் பிள்ளைகள், ஒரு ஜமேக்காப் பையன், ஒரு பிலிப்பீனோப் பிள்ளை. வீட்டிலும் சீனம் பேசுகிற பிள்ளை ஒரே ஒருத்தி.

என் மகளுக்குக் கொன்னை இருந்தது. மூன்று வயதுவரை பேசித் தள்ளியவள், ஒருநாள் 'அம்மா' என்பதில் 'அ'விலேயே நின்றுவிட்டாள். பிறகு அது விடவில்லை. தமிழிலும் திக்கியது, ஆங்கிலத்திலும் திக்கியது. சொல் தொண்டைவரை வந்துவிட்டது என்பது அவள் கண்ணில் தெரியும். வெளியே வராது. கழுத்து நரம்பு புடைக்கும், ஒரு கால் நிலத்தைத் தட்டும். 

எங்கள் சனத்திடம் வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஒரு அன்ரி வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். நாக்கு எரிந்ததுதான் மிச்சம். இன்னொரு அங்கிள், "உங்கட வழியில ஆருக்கோ இருந்திருக்கும்" என்று பரம்பரை ஆராய்ச்சியில் இறங்கினார். பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் ஒருவரிடமும் கொண்டுபோனோம். அவசரப்படுத்தாதீர்கள், சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், காலத்தோடு குறையலாம், குறையாமலும் போகலாம் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. குறையாமலும் போகலாம் என்று சொல்ல ஒரு படிப்பா?

நான் வேலை செய்வது ஒரு காப்புறுதிக் கொம்பனியின் தொலைபேசிப் பிரிவில். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கதைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வயிற்றில் பிறந்ததற்கு ஒரு தண்ணீர் கேட்பதே பெரும்பாடு.

அவள் முதலாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை பனி கொட்டப்போகிறது என்று எங்களைக் காலையிலேயே வேலையால் அனுப்பிவிட்டார்கள். நேரே பள்ளிக்குப் போனேன். படியேறி வகுப்பறைக்கு வெளியே பனிக்காகத் தெருவில் தூவி, சப்பாத்தில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு பிள்ளை சீனத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. என்ன வாய்! மேலே போகிறது, கீழே வருகிறது, மூச்சு விடுகிறது, திரும்பப் பாய்கிறது. ஆர் பெற்ற பிள்ளையோ இப்படி வாயாடுகிறதே என்று பொறாமையோடு கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன்.

என்னுடையதுதான்.

முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுடைய சொண்டுகள் அசைந்தன, குரலும் அங்கிருந்துதான் வந்தது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. இரண்டு காலும் நிலத்தில் சும்மா இருந்தன. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் சொன்ன பகிடிக்காகச் சிரித்தார்கள்.

பிள்ளைகள் ஆசிரியையை லாவ்ஷர் என்பார்கள், சீனத்தில் ஆசிரியருக்கு அதுதான் சொல். வகுப்பு முடிந்ததும் அவரிடம் என் மகளின் திக்கலைப் பற்றிக் கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"எந்தத் திக்கல்? இவளை நிறுத்துவதுதான் எனக்கு வேலை" என்றார்.

காருக்குள் ஏறியதும் மகளிடம் கேட்டேன். "என்ன கதை சொன்னனீங்கள், செல்லம்?"

"ஒ… ஒ… ஒரு…" என்று தொடங்கினாள். அவ்வளவில் நின்றுவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பெற்ற தாய்க்குக் கிடைக்காத குரல் பிளாசாவின் மேல்மாடிக்குக் கிடைத்திருக்கிறது.

அன்றிலிருந்து அந்தப் பள்ளி எனக்குக் கோயிலாகிவிட்டது. கணவரின் உலக ஆளுகைக் கதையை நானும் சேர்ந்து சொல்லத் தொடங்கினேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்த அறை திறந்திருக்க வேண்டும், என் பிள்ளை அதற்குள் இருந்து பேச வேண்டும். எனக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை.

அந்த அறையின் சீனம் தனி வகையானது. வீட்டில் பேச ஆளில்லாத பிள்ளைகள் ஒரு ஆசிரியையிடம் படித்ததை வைத்துத் தங்களுக்குள் கட்டிக்கொண்ட பாஷை அது. ஐயோ தமிழுக்கும் சீனத்துக்கும் பொது. 'நீ'யும் பொது, அவர்களுக்கும் நீ என்றால் நீதான். மகள் ஆசிரியையை 'நீ' என்பதைக் கேட்டு என் கணவர் துடித்துப்போனார்.

"படிப்பிக்கிறவையை நீ எண்டு சொல்லுறதோ? நீங்கள் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை."

"அ… அப்பா, அது சை… சைனீஸ் நீ" என்றாள்.

எங்கள் வீட்டில் புறப்படும்போது 'போறன்' என்று யாரும் சொல்வதில்லை. அது அபசகுனம். 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். மகளையும் அப்படித்தான் பழக்கியிருந்தேன். வகுப்பு முடிந்து போகும்போது சீனத்தில் 'ஸாய் ஜியென்' என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் ஆசிரியை. திரும்பவும் சந்திப்போம் என்று அர்த்தமாம். மகளுக்கு அது போதவில்லை. சந்திப்போம் என்று இருக்கிறது, வாறன் என்று இல்லையே! யோசித்து, தனக்குத் தெரிந்த மூன்று சொற்களை ஒட்டி 'வோ ச்சூ லாய்' என்று சொல்லியிருக்கிறாள். நான் போய் வருகிறேன் என்பது அவள் கணக்கு. மற்றத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிட்டது, அவர்கள் வீட்டிலும் அதே சட்டம்தானே. குஜராத்திகளும் சொன்னார்கள், ஜமேக்காப் பையனும் சொன்னான். ஆசிரியை முதலில் திருத்தினார், பிறகு சலித்தார், பிறகு தானும் சொல்லத் தொடங்கிவிட்டார். வாய் திறக்கமாட்டாத என் மகள் ஒரு வகுப்புக்கே சொல் கொடுத்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த ஒரேயொரு சீனச் சிறுமியும் அதைச் சொன்னாள். வினை அதில்தான் வந்தது.

அவளுடைய தாத்தா சீனாவிலிருந்து வந்து ஒரு கோடைகாலம் நின்றுவிட்டுத் திரும்பியபோது, விமான நிலையத்தில் பேத்தி அவரைக் கட்டிப்பிடித்து 'ச்சூ லாய்' என்றாளாம். கிழவருக்கு விளங்கவில்லை. பிள்ளை எங்கே போய் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்டிருக்கிறார். பேத்தி திரும்பத் திரும்ப அதையே சொல்ல, அவர் சிறுமியின் தாயான தன் மகளைப் பார்த்து, இந்தப் பிள்ளையைச் சீனம் படிக்கவா அனுப்புகிறாய் என்று சிரித்தாராம். தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

இதை அந்தத் தாயே எனக்குச் சொன்னார். மூன்றாம் வகுப்பு நடந்துகொண்டிருந்த குளிர்காலம். பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில் நின்று பேசினோம். யூனியன்வில்லில் வீடு, ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. மெலிந்த, களைத்த பெண். அடுத்த வருடம் மகளை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கிழமை நாட்களில் சாதாரணப் பள்ளி, சனிக்கிழமைகளில் சீனக் குடும்பங்களே நடத்தும் வகுப்பு.

 அவர்கள் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கூச்சம் பார்க்காமல் என் மகளின் திக்கலைப் பற்றிச் சொன்னேன். இந்த அறையில் மட்டும்தான் அவள் பேசுகிறாள், உங்கள் பிள்ளை போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள் என்றேன். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. நான் அழத் தொடங்கியதும் அதுவும் கைவிட்டுவிட்டது.

அவர் கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தார்.

"உங்கள் மகளுக்கு இது பேசக் கிடைத்த இடம்" என்றார். "என் மகளுக்கு இது தன் தாத்தாவோடு பேசும் மொழி. அவருக்கு இனி எத்தனை வருடம் இருக்கிறது? அவள் இப்போது உங்கள் பிள்ளைகளின் சீனத்தைப் பேசுகிறாள். அது அவருக்கு விளங்கவில்லை."

 அவரை வெறுக்கத்தான் முயன்றேன். முடியவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், இன்னும் முன்னதாகச் செய்திருப்பேன். வருட முடிவுவரை பொறுக்கிறேன், சனிக்கிழமைகளில் பிள்ளைகள் சேர்ந்து விளையாடட்டும் என்றார். சொன்னபடி அழைத்தார். நாங்களும் போனோம். அவர்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் அந்தச் சிறுமி என் மகளோடு ஆங்கிலத்தில்தான் பேசினாள். சீனம் அவளுக்கு வகுப்பில் பேசுவது, பெரியவர்களோடு பேசுவது. என் மகள் ஒரு பொம்மை வீட்டின் முன்னால் குந்தியிருந்து எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குடும்பம் விலகப்போகிறது என்ற செய்தி எங்கள் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு எப்படியோ போய்விட்டது. அடுத்த நாளே தொடங்கினார்கள். ஒரு அம்மா குரல்பதிவு போட்டார்.

"சீனரே சாப்பிடாத சீனக் கடையில நாங்கள் போய்ச் சாப்பிடுவமே? அவையளே பிள்ளையை எடுக்கினம். எங்கட பிள்ளையளுக்கு உது என்னத்துக்கு?"

ஒவ்வொருவராகப் போன் எடுத்துக் கெஞ்சினேன். வேலையில் கோபக்காரர்களை ஆற்றிப் பழகிய வாய் எனக்கு. ஒன்றும் எடுபடவில்லை. ஒரு அண்ணை மட்டும் மனம் திறந்து சொன்னார். "தங்கச்சி, உண்மையைச் சொல்லுறன். அந்த ஒரு பிள்ளை இருந்தபடியால்தான் இவங்கள் உண்மையிலேயே சீனம்தான் படிப்பிக்கிறாங்கள் எண்டு நான் நம்பினனான்." எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது.

பள்ளிக்காரர் கூட்டம் வைத்து, அடுத்த வருடம் வகுப்பு நடத்தப் போதிய பிள்ளைகள் இல்லை என்று அறிவித்தார்கள். கடைசி நாளில் ஆசிரியை படியின் தலைப்பில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் 'ச்சூ லாய்' சொன்னார். அவருக்கு வன்கூவரில் வேலை கிடைத்திருந்தது. போய் வருகிறேன் என்று ஒவ்வொரு பிள்ளையும் முறைப்படி சொல்லிவிட்டு இறங்கியது. என் மகள் அதைச் சத்தமாக, ஒரு இடறலும் இல்லாமல் சொன்னாள். திரும்பி வர அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

செப்டெம்பரில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பில் சேர்த்தோம். நல்ல ஆசிரியை, நல்ல பிள்ளைகள். யாரும் கேலி செய்யவில்லை. பெற்றோர் சந்திப்பில், உங்கள் மகள் மிகவும் அமைதியான பிள்ளை என்று பாராட்டினார்கள்.  அவள் அமைதியான பிள்ளை இல்லை. அவளை நிறுத்துவதுதான் ஒருவருக்கு வேலையாக இருந்தது.

வீட்டில் குளியலறையில் மட்டும் சீனம் கேட்கும். தண்ணீரைத் திறந்துவிட்டுத் தனக்குத்தானே பேசுவாள். நான் துவாயை மடிப்பதுபோலக் கதவுக்கு வெளியே நிற்பேன். முதலில் நீளமாகப் பேசினாள். மாதங்கள் போகப் போக அது குறைந்துகொண்டு வந்தது. ஆருமில்லாமல் எவ்வளவு காலத்துக்குத்தான் ஒரு பிள்ளை தன்னோடு தானே கதைக்கும்?

அப்போதுதான் நானே படிப்பது என்று முடிவெடுத்தேன். பேச ஆள்தானே வேண்டும், நான் இருக்கிறேனே. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பாடம் கேட்டேன். பக்கத்து இருக்கையில் ஒரு சீனப் பெண் இருந்தார். அவர் சிரிக்காமல் திருத்தப் பார்ப்பார், முடியாமல் கோப்பியைச் சிந்துவார். எங்களுடைய ஒரு 'ச'வை வைத்துக்கொண்டு அவர்களுடைய நாலைந்து 'ச'க்களைச் சமாளிக்க முடியாது. நாற்பது தாண்டிய நாக்கு வேறு. ஆனாலும் விடவில்லை. எனக்கு ஒரு பிடிவாதம் வந்தால் வந்ததுதான்.

ஒருநாள் மாலை பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த மகளிடம், இன்றைக்குப் பள்ளியில் என்ன செய்தாய் என்று சீனத்தில் கேட்டேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து மொழி படித்திருப்பேன். என் உச்சரிப்பைத் திருத்தினாள். திருத்திவிட்டுப் பேசத் தொடங்கினாள். அந்த மேல்மாடிக் குரல் என் குசினிக்குள் வந்துவிட்டது. பத்தில் ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. பிட்டுப் பானையில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்ததும் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் நல்ல காலம். நான் ஒரு கேள்வி கேட்பேன், அவள் பத்து வசனம் சொல்வாள். கணவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்பார். எனக்கு ஆசை கூடியது. அவள் சொல்வதெல்லாம் விளங்க வேண்டும் என்று காரிலும் பாடம் கேட்டேன், துணி மடிக்கும்போதும் கேட்டேன். பத்தில் ஒன்று விளங்கியது மூன்றானது, ஐந்தானது. அவளுடைய பதில்கள் மெல்லமெல்லச் சுருங்கின. பள்ளியில் களைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பில் ஒரு பிள்ளை வளர்க்கும் முயலைப் பற்றிச் சொல்ல வந்தாள். அந்தப் பிள்ளையின் வீட்டில், கட்டிலுக்குக் கீழே, நீளக் காதோடு என்று வந்தபோதே முயல் என்று எனக்கு விளங்கிவிட்டது. சீனத்தில் முயலுக்கு 'து ட்ஸ'. நான் அதைப் படித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"து…" என்றாள். "து… து… து…"

கழுத்து நரம்பு புடைத்தது. கால் நிலத்தைத் தட்டியது. சீனத்தில் அது நடந்ததை நான் பார்த்ததே இல்லை. அவளும் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு கதிரையை விட்டு இறங்கி வந்து, கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.

"அ… அம்மா, உங்கட வா… வாய் அசையுது" என்றாள் தமிழில். "நான் சொ… சொல்ல முதல் உங்கட வாய் சொல்லுது. எ… எப்பவும் அப்பிடித்தான். முந்திச் சைனீஸில உ… உங்களுக்கு ஒண்டும் தெரியாது. அ… அதுதான் நல்லாயிருந்தது."

அவள் சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. நான் அசையாமல் நின்று கேட்டேன். அப்போதும் என் சொண்டுகள் அவளுடைய உள்ளங்கைக்குள் அசைந்துகொண்டிருந்ததை உணர்ந்தேன். எனக்குத் தெரிந்த சொல் என் பிள்ளையின் தொண்டையில் நிற்கும்போது அவளுக்காக நான் முண்டுகிறேன். வருடக்கணக்காக முண்டியிருக்கிறேன், ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

போனில் இருந்த பாடங்களை அழித்துவிட்டேன். படித்ததை மண்டைக்குள்ளிருந்து அழிக்க வழி தெரியவில்லை. மகள் அதற்குப் பிறகு வீட்டில் சீனம் பேசவில்லை, குளியலறையில்கூட. அவள் தமிழில் பேசும்போது என் சொண்டைக் கடித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். அப்போது என் கண்கள் முந்திக்கொண்டு போகின்றனவாம்.

இப்போது அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால் நான் சிங்க் பக்கம் திரும்பி நின்று, கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவுகிறேன். அவள் என் முதுகோடு தமிழில் கதைக்கிறாள். திக்கல் கொஞ்சம் குறைவுதான். சில நாட்களில் ஒரு வசனம் முழுதாக, இடறாமல் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் என் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை.